மச்சானின் எஃப் மைனர்

துறையில் இருந்த காவலரணில் மச்சானின் கிற்றாருக்குள் எப்போதும் டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். பட்டப்பகலில், வெயில் வாவித் தண்ணீரில் பட்டுக் கண் கூசுகிற நேரத்திலும் அடிப்பார்கள். தந்திகளுக்குக் கீழே இருக்கும் வட்டத் துளைக்குள் வெளிச்சத்தை விட்டு ஒருவர் குனிந்து பார்ப்பார். பிறகு கிற்றாரைக் கவிழ்த்து உலுக்குவார். ஒருநாள் அப்படி உலுக்கியபோது உள்ளே எதுவோ கலகலத்தது. தந்தி மீட்டுவதற்கு விரலிடுக்கில் பிடிக்கும் சின்னப் பிளாஸ்ரிக் துண்டு அது. முதல்நாள் கைதவறி உள்ளே விழுந்திருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பின்வாங்கினார்கள். மணல்மூட்டைக்குப் பின்னால் ஒரு துவக்கு மெல்லத் திரும்பியது. அந்தத் துண்டு வெளியே வந்து விழும்வரை மச்சான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். வயலுக்குப் போகவென்று அவருக்குப் பின்னால் நின்ற நான் அவருடைய சேட்டின் முதுகு நனைந்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து, தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்து வளர்ந்த அவர், அக்காவை விரும்பி முடித்து ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். படிப்பித்தது வாவிக்கு மறுகரையில். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நாங்கள் இருந்த பக்கம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிந்த பக்கம் படுவான்கரை. அந்த ஆண்டுகளில் எழுவான்கரையை ஆமி வைத்திருந்தது, படுவான்கரையை இயக்கம் வைத்திருந்தது. நடுவில் தண்ணீர். அதன் மேல், பாதை என்று நாங்கள் சொல்லும் தட்டையான படகு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போய்வரும். மச்சானும் இன்னும் சில ஆசிரியர்களும் காலையில் அதில் போவார்கள், பொழுது படமுன்னம் திரும்புவார்கள். பாதை திரும்பும் நேரம் பிந்தினால் அக்கா குசினிக்கும் வாசல் படலைக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பார்.

நான் அப்போது ஊரில் பாலர் பாடசாலை ஒன்றில் வேலை செய்தேன். பிள்ளைகளுக்காக வரிகள் எழுதும் பழக்கம் இருந்தது. ஆனால் அவற்றை எப்படிப் பாட்டாக்குவது என்று தெரியாது. ஒருநாள் மச்சானிடம் கேட்டேன். கிற்றாரில் ஒரே நேரத்தில் சில இடங்களை அழுத்திப் பிடித்து மீட்டினால் பல சுரங்கள் சேர்ந்து ஒரே ஒலியாக வரும். அதைத்தான் கோட் என்பார்கள். பாட்டுக் கட்டுவதற்கு அப்படி எத்தனையோ தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன்.

“நாலு போதும் மச்சாள்” என்றார். “ஸீ, ஜி, ஏ மைனர், எஃப். நமக்குத் தெரிஞ்ச பாட்டில அரைவாசி இந்த நாலுக்குள்ளதான் கிடக்கு.”

நான் நம்பவில்லை. உடனே அதே நாலு கோட்டையும் வரிசையாகத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டு ஒரு ஞானப்பாட்டைப் பாடினார். நிறுத்தாமல் அதன் மேலேயே ஒரு சினிமாப் பாட்டுக்குப் போனார். அங்கிருந்து கலியாண வீடுகளில் எல்லாரும் எழுந்து ஆடுகிற பைலா ஒன்றுக்கு. கை மாறவே இல்லை. ஏதோ ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்த மாதிரி எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் அந்த வரிசை அப்படி எல்லாப் பாட்டையும் தாங்குகிறது என்று கேட்டேன்.

“ஸீயை வீடு எண்டு வைங்க. எஃப் முற்றம். ஜி படலை, அதில நிண்டா கால் தானா வீட்டுக்குத் திரும்பப் பார்க்கும்.”

“அப்ப ஏ மைனர்?”

“அதுவும் வீடுதான். விளக்கு வைக்காத வீடு.”

அப்படித்தான் நான் பழகினேன். பின்னேரங்களில், பாதை வந்த பிறகு, ஊரடங்குக்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில். ஸீயும் ஏ மைனரும் கைக்கு வந்துவிட்டன. எஃப் மட்டும் வரவில்லை. சுட்டுவிரலைக் குறுக்கே போட்டு எல்லாத் தந்தியையும் அழுத்த வேண்டும், விரல் கன்றிப் போகும். அதே நாலு கோட்டை ஸீயில் தொடங்காமல் ஏ மைனரில் தொடங்கினால் பாட்டின் முகமே மாறிவிடும் என்பதையும் அவர்தான் காட்டினார். தாலாட்டுக்கென்று நான் எழுதியிருந்த வரிகளை அந்த மாதிரிப் பாடிப் பார்த்தோம். ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் செத்தவீட்டில் சொல்கிற மாதிரிக் கேட்டது. அக்கா குசினிக்குள் இருந்து, “விளக்கு வைக்கிற நேரம் அப்பிடிப் படிக்காதங்க” என்றார். நாங்கள் நிறுத்திவிட்டோம்.

எஃப் மைனர் தற்செயலாக வந்தது. மச்சான் எஃப்பைப் பிடித்து மீட்டிக்கொண்டிருந்தபோது சுட்டுவிரலுக்குப் பக்கத்து விரல் தந்தியை விட்டுக் கிளம்பிவிட்டது. ஒரே ஒரு சுரம் அரைப்படி இறங்கியது. அங்கிருந்து அவர் ஸீக்குத் திரும்பினார். நெஞ்சு ஒருதரம் அடைத்துத் திறந்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் திரும்பவும் எஃப்பைப் பிடித்தார், அந்த விரலை வேண்டுமென்றே எடுத்தார், ஸீக்கு வந்தார். “இதைச் சும்மா விடக்கூடாது” என்றார்.

அந்த ஆண்டு அவருடைய பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா வந்தது. கூரை பாதி போன பள்ளிக்கூடம். இடம்பெயர்ந்து போன குடும்பங்களில் சில திரும்பி வந்திருந்தன, சில வரவில்லை. வராத பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்றார். சொல்லை நான் எழுதினேன்.

*மாரி வந்தா வட்டை நிறையும்*
*மறுகரைத் தோணி வந்து சேரும்*
*போனவங்க எல்லாரும் வாங்க*
*பொழுது படமுன்னம் வீட்டுக்கு வாங்க*

வட்டை என்பது எங்கள் பக்கத்தில் வயல்வெளி. பாட்டு முழுவதும் அந்த நாலு கோட்தான். ‘வீட்டுக்கு’ என்ற சொல்லில் மட்டும் எஃப் மைனர். விழாவில் அதைப் பாடியது மேல்வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அவளுடைய குரலைப் பற்றி மச்சான் ஓயாமல் சொல்வார். பாட்டுப் பழக்கும்போது மற்றப் பிள்ளைகள் வாயைப் பார்க்க, இவள் கிற்றாரில் அவருடைய கையைப் பார்த்தாளாம். “சேர், அந்த இடத்தில ஏன் ஒரு விரலை எடுத்தீங்க?” என்று கேட்டாளாம். அதுவரை ஒருவரும் அதைக் கண்டுபிடித்துக் கேட்டதில்லை.

அந்த விரலைக் கவனித்த இன்னொருவரும் இருந்தார். துறைக் காவலரணில் இருந்த சிங்களக் கோப்ரல். கிற்றாரைக் கண்டால் டோர்ச் அடித்து முடிந்ததும், “மச்சான், ஒரு பாட்டு” என்பார். சிங்களத்திலும் கூட்டாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வரிசையில் ஆட்கள் வெயிலில் நிற்க, மச்சான் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டும். மறுக்க முடியாது. கோப்ரலுக்கும் வாசிக்கத் தெரியும். ஒருநாள் பரிசளிப்புப் பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கிற்றாரை வாங்கித் தானே வாசித்துப் பார்த்தார். எஃப் மைனர் வரும் இடத்தில் நின்று, விரலை எடுத்து, வைத்து, எடுத்து, தலையாட்டிச் சிரித்தார். “இது நல்ல வேலை” என்றார் தமிழில். வரிசையில் நின்ற எங்கள் ஊர்க்காரர் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் மச்சானைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாளில் மறுகரையிலும் அந்தக் கதை போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவர், மரியாதையாகத்தான், “சேர் ஆமிக்குப் பாட்டுப் படிக்கிறீங்களாமே” என்றாராம். மச்சான் அதைச் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். அக்கா கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த நாளிலிருந்து மச்சான் கிற்றாரை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனார். இடமாற்றம் கேட்டு எழுதினார். கிடைக்கவில்லை.

பரிசளிப்பில் பாடிய அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராமல் போனது அந்த நாட்களில்தான். எங்கே என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. வகுப்பில் அவள் இருக்கும் வாங்கில் மற்றப் பிள்ளைகள் கொஞ்சம் விலத்தி இருந்தார்கள் என்று மட்டும் மச்சான் சொன்னார்.

ஒரு பின்னேரம் காற்று மேற்கிலிருந்து அடித்தது. அப்படி அடித்தால் மறுகரையில் போடும் ஒலிபெருக்கி எங்கள் முற்றத்தில் கேட்கும். நான் துணி எடுத்துக்கொண்டு நின்றேன். முதலில் இசைதான் வந்தது, விட்டு விட்டு. நாலு கோட். பிறகு அந்தப் பிள்ளையின் குரல். மச்சான் தன் கைக்குழந்தையை மடியில் வைத்தபடி தலையைத் தூக்கினார். என்னுடைய சொற்கள்தான் வந்தன. மாரி, வட்டை, தோணி. கடைசி இரண்டு வரிகளில் மாறின.

*போறவங்க எல்லாரும் வாங்க*
*பொழுது விடியமுன்னம் களத்துக்கு வாங்க*

சூடடித்து நெல் எடுக்கும் இடத்தையும் நாங்கள் களம் என்றுதான் சொல்வோம். ஒரு கணம் அந்தக் களம் என்றே நினைத்தேன். உடனே அது போர்க்களம் என்று விளங்கிவிட்டது. ‘களத்துக்கு’ என்ற சொல்லில் எஃப் மைனர் விழுந்தது, அச்சொட்டாக அதே இடத்தில். யாரோ அங்கே அந்த விரலை எடுக்கிறார்கள். அவள்தான் அதை அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து போட்டார்கள். துறையில் இருந்த காவலரண் எங்கள் வீட்டைவிடத் தண்ணீருக்குக் கிட்ட இருந்தது. எங்களுக்குக் கேட்டது அவர்களுக்கு இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும். அக்கா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, “உள்ள வாங்க எல்லாரும்” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு காலை, மச்சான் துறைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில், பாதை ஓட்டுகிறவர் சைக்கிளில் வந்தார். “சேரை உள்ள கூட்டிப் போயிட்டாங்க புள்ள. கிற்றாரைக் கொண்டு வரட்டாம்” என்றார். அக்காவின் கையில் குழந்தை. நான்தான் கிற்றாரை முதுகில் மாட்டிக்கொண்டு போனேன். வழியில் கடைகளின் முன் நின்றவர்கள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முகாமுக்குள் ஒரு மாமர நிழலில் மேசை போட்டிருந்தது. மச்சானை ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். அடித்ததாகத் தெரியவில்லை. மேசையில் ஒரு கசற் றெக்கோடர். அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். பொத்தானை அழுத்தினார், காற்று இரைச்சலோடு அந்தப் பாட்டு வந்தது. இதை நீதானே செய்தாய் என்று கேட்டார். அந்தப் பாட்டின் சொல் என்னுடையது. யார் எழுதியது என்று கேட்டால் மச்சான் சொல்ல மாட்டார் என்று தெரியும்; அதுவே பயமாக இருந்தது.

“இது எல்லாருக்கும் பொதுவான கோட் சேர்” என்றார் மச்சான். “இதில ஆரும் பாட்டுக் கட்டலாம்.”

அதிகாரி கிற்றாரை அவரிடம் கொடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு மச்சான் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அந்த நாலு கோட்டையும் தொடங்கி, அதன் மேல் ஒரு ஞானப்பாட்டு, ஒரு பைலா, ஒரு சினிமாப் பாட்டு, ஒரு சிங்களக் காதல் பாட்டு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தார். பைலா வந்தபோது பின்னால் நின்ற ஒரு ஆமிக்காரர் காலால் தாளம் போட்டார். சிங்களப் பாட்டுக்கு அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. கடைசியாகக் கசற்றில் இருந்த பாட்டையே எடுத்து அதே கோட்டுகளின் மேல் பாடினார், மற்றவற்றைப் போல இதுவும் ஒன்று என்கிற மாதிரி. எஃப் மைனர் வர வேண்டிய இடத்தில் நான் அவருடைய விரல்களைப் பார்த்தேன். எல்லாம் பதிந்தபடியே இருந்தன. எஃப்பிலிருந்து நேரே ஸீக்கு வந்துவிட்டார்.

அதிகாரி திரும்பி, மாமரத்தின் பக்கத்தில் நின்ற கோப்ரலிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அப்போதுதான் நான் அவரைக் கண்டேன். கோப்ரல் மேசையில் இருந்த றெக்கோடரைப் பார்த்தார், மச்சானின் கையைப் பார்த்தார். பிறகு எல்லாப் பாட்டுக்கும் இதே கோட்தான் சேர் என்கிற மாதிரி ஒரே வசனத்தில் சொன்னார். அந்தளவு சிங்களம் எனக்கும் விளங்கியது.

எங்களைப் போகச் சொன்னார்கள். வாசல் வரை கோப்ரல் கூட வந்தார். கிற்றாரை என் கையில் தரும்போது மச்சானைப் பார்க்காமலே சொன்னார்: “ஒரு கோட் நீ வாசிக்க இல்ல. நான் கவனிச்சது.” மச்சான் நின்றுவிட்டார். “இனி இந்தப் பக்கம் கிற்றார் வேணாம்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. சில வாரங்களில் அந்தக் காவலரணில் புது முகங்கள் இருந்தன.

ஆனால் முகாமுக்குள் போய் அன்றைக்கே நடந்து வெளியே வந்த ஆளை மறுகரையில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா போகவேண்டாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். போகாவிட்டாலும் கேள்வி வரும் என்றார் மச்சான். மாரி தொடங்குகிற நேரம். ஒருநாள் கடைசிப் பாதையில் மற்ற ஆசிரியர்கள் வந்தார்கள்; அவர் வரவில்லை. கூடப் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் படலையடியில் நின்று, “பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டிப் போனாங்க. பயப்பட வேணாமாம். பாட்டு வேலையாம்” என்றார். மறுநாள் வேறொருவர் வந்து, சேரின் கிற்றாரைத் தரச் சொன்னார். அது எப்படிக் காவலரணைத் தாண்டி மறுகரைக்குப் போனது என்று நான் கேட்கவில்லை.

மழை கொட்டியது. வாவி பெருகி வேலிகள் வரை வந்தது. பாதை ஓடாத நாட்களும் இருந்தன. காற்று மேற்கிலிருந்து அடிக்கும் போதெல்லாம் அக்கா முற்றத்தில் வந்து நின்று கேட்பார். புதுப் பாட்டுகள் வந்தன. ஒன்றும் மனதில் பதியவில்லை. “இது அவர் செய்த பாட்டு இல்ல” என்று அக்கா சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாரி முடிந்து வட்டையில் பயிர் பச்சை பிடித்தபோது அவர் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். கிற்றார் இல்லை. நிறைய நாள் கழித்துக் கிணற்றடியில் என்னிடம் மட்டும் சொன்னார்.

“மனசில நிக்கிற பாட்டுக் கட்டுறது லேசு மச்சாள். நிக்காத பாட்டுக் கட்டுறதுதான் கஷ்டம்.”

அந்தப் பாட்டுகள் அவருடையவைதான். காது வீட்டுக்குத் திரும்ப எதிர்பார்க்கும் இடத்தில் வேறு கோட்டுக்குப் போனார். வரியைத் திரும்ப வரவிடவில்லை. ஒரு பிள்ளை ஒருதரம் கேட்டு முணுமுணுக்கக்கூடிய எதையும் தேடிப்பிடித்து வெளியே எடுத்தார். பாட்டுக் கேட்டு ஒரு பிள்ளை கூட வரக்கூடாது என்று நினைத்தாராம். கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்துதான் செய்தார். “பழைய பாட்டு மாதிரி வரல்லயே சேர்” என்று அங்கிருந்த பொறுப்பாளர் அடிக்கடி சொன்னாராம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக அவருடைய முகத்தைப் பார்த்தபடி.

பாட்டுகளைப் பாடியது அந்தப் பிள்ளை. அவளுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. யாரும் இல்லாத நேரம், “சேர், ஏன் ஒரு பாட்டும் வீட்டுக்கு வாறதில்ல?” என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. பொறுப்பாளர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டபோது, சேருக்கு இப்போது இவ்வளவுதான் வரும் என்று சொன்னாளாம். அதன் பிறகே அவரை விட்டார்கள். வரும்போது அவளையும் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். அவள் தலையை மட்டும் அசைத்தாளாம், ஓம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல். அடுத்த மாரிக்கு முன் அவளுடைய சாவுச் செய்தி வந்தது.

இப்போது அந்தத் துறையில் பாதை இல்லை, பாலம் இருக்கிறது. பஸ்ஸில் போனால் தண்ணீர் தெரியத் தொடங்கும்போதே மறுகரை வந்துவிடுகிறது. மச்சான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளை கைபேசியைப் பார்த்து ஸீயும் ஜியும் பழகும்போது எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவார். நான் அந்தப் பாலத்தைக் கடக்கும் போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அந்தப் பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்த நாள்.

செய்தி வந்து சில மாதம் கழித்து வந்தார். சோதனைகள் எல்லாம் தாண்டி, காலைப் பாதையில். தேத்தண்ணி கொடுத்தோம், குடிக்கவில்லை. “சேர், எங்கட புள்ள பள்ளிக்கூடத்தில படிச்ச பாட்டு, முதல்ல இருந்த மாதிரி ஒருக்காக் கேக்கவேணும்” என்றார். மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து யன்னல்களைச் சாத்தினார். நான்தான் பாடினேன், கிற்றார் இல்லாமல், வெளியே கேட்காத குரலில்.

கடைசி வரியில் அந்த அம்மா தலையை நிமிர்த்தினார்.

“வீட்டுக்கு எண்டா இருந்தது?”

“ஓம் அம்மா” என்றேன். “முதல்ல அப்பிடித்தான்.”

சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டே சொன்னார்.

“இயக்கத்துக்குப் போறதுக்கு முன்னம் வீட்ட இருந்து மத்த மாதிரிப் படிச்சிப் பழகினவள். களத்துக்கு வாங்க எண்டு படிக்கக்குள்ள, நான் சூடடிக்கிற களம் எண்டு நினைச்சன். நல்லா இருக்கு புள்ள, இன்னொருக்காப் படி எண்டு சொன்னன்.”